சுண்டுவிரல் மட்டும்

மைதானத்துக் கேட்டைத் தாண்டியதும் ஞானதுரை வழக்கம்போலக் கையை நீட்டினார். குளோரி வழக்கம்போலப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்கிறோமா என்று வழக்கம்போலக் குனிந்து பார்த்துக்கொண்டாள். இந்த மூன்றாவது வழக்கம் புதுசு, அவருக்குத் தெரியாது. பார்த்தால்தான் உண்டு. பார்க்காவிட்டால் அந்தக் கைக்குள் புருஷன் கை இருக்கிறதா, காய்கறிப் பை இருக்கிறதா, வெறும் காற்று இருக்கிறதா என்று அவளால் சொல்ல முடியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அவளோடு பேச்சை நிறுத்தி மாதக்கணக்காகிறது. மோதிரவிரல் பாதி பேசும், பாதி பேசாது. சுண்டுவிரல் ஒன்றுதான் இன்னும் அவள் பக்கம். அவருடைய புறங்கையில் ஓரமாகப் படிந்திருந்த அந்த ஒரு விரல், சூடு இருக்கு, லேசா வேர்வை இருக்கு, மனுஷர் இருக்கார் என்று சேதி சொன்னது. சரி, இருக்கார், நட என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நடந்தாள். சேலைக்குக் கீழே மகள் வாங்கி அனுப்பிய வெள்ளை ஷூ, யாரோ ஒருத்தியின் கால்கள் அவளுக்கு முன்னால் போவது மாதிரி எட்டிஎட்டிப் பார்த்தது. பாளையங்கோட்டையில் வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஏறிவிட்டால் இந்த மைதானத்தில் நாய்கூட நடக்காது.

நடங்க, நல்லா நடங்க என்றுதான் நரம்பு டாக்டர் சொன்னாள். சின்னப் பெண், மகள் வயசு இருக்கும், மூக்குத்தி போட்டிருந்தாள். மணிக்கட்டுக்குள்ள நரம்பு போற வழி குறுகலா இருக்கும்மா, அதுல நரம்பு நெரிபடுது, கார்பல் டனல்னு பேரு, உங்களுக்கு ரெண்டு கையிலயும் இருக்கு, வலதுல ஜாஸ்தி. தூங்கும்போது மணிக்கட்டு மடங்காம கட்டை வச்சுக் கட்டிக்கோங்க. சும்மா மட்டும் உக்காந்துராதீங்க, வெயிட் ஏறிட்டு வருது, சுகரும் எட்டிப் பாக்குது, நடந்தா எல்லாத்துக்கும் நல்லது. கையைத் தளர்வா விட்டு வீசி வீசி நடங்க, எதையும் பிடிச்சிட்டு மட்டும் நடக்காதீங்க. பால் தூக்கு? வேண்டாம். குடை? அதை வீட்டுக்காரர் பிடிக்கட்டும். அடுத்த கேள்வி குளோரியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்ப அந்த வீட்டுக்காரரையே பிடிச்சிட்டு நடந்தா? ஆனால் ஐம்பத்தாறு வயசில், மூக்குத்தி போட்ட ஒரு சின்னப் பெண்ணிடம் அதை எப்படிக் கேட்பது? கேட்டால் அவள் சிரிப்பாள், சிரித்தால்கூடப் பரவாயில்லை, கூடாது என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரைக்கும் அது கூடாது என்று ஆகவில்லை. ஞானதுரை அப்போது மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தார். நோயின் பெயரை மட்டும் அவரிடம் சொன்னாள். முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக விசில் ஊதியவர், டனல்னா ரயில்லா போவும், நமக்கு எதுக்கு அது என்றார். அவளும் சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறிவிட்டாள். அந்தச் சிரிப்புக்குள்ளேயே சொல்ல வேண்டியது அமுங்கிப்போயிற்று. அதற்கப்புறம் சொல்ல ஒரு தோது வரவே இல்லை, அல்லது வந்த தோதையெல்லாம் அவள்தான் போகவிட்டாள்.

சொன்னால் விட்டுவிடுவார். அதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை. உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், சொந்தத் தலையில் தேங்காயைப் போட்டு உடைக்கச் சொன்னாலும் உடைப்பார் அந்த மனுஷர். கல்யாணத்தன்று பாதிரி ஐயர் இவர்கள் இரண்டு பேருடைய வலது கையையும் சேர்த்துவைத்து ஜெபம் பண்ணினார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அன்றைக்குப் பிடித்த கை, அப்புறம் இருபத்தொன்பது வருஷம் வாசல்படி தாண்டிப் பிடித்ததில்லை. யார் பிடித்தார்கள் இந்த ஊரில்? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் ஆண்கள் பக்கம், அவள் பெண்கள் பக்கம். கடைத்தெருவில் அவர் நாலு எட்டு முன்னால், அவள் பின்னால், நடுவில் ஒரு சைக்கிள் போகும். பேரன்பேத்தி எடுத்தவர்கள் கைகோத்து நடந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அப்புறம் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஒருநாள் மார்க்கெட்டில் சாக்கடை மூடி திறந்து கிடந்ததைப் பார்க்காமல் காலை வைக்கப் போனார், இவள் எட்டிக் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கையை விடவில்லை. வாழைப்பழக் கடை தாண்டி, மீன் கடை தாண்டி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் பார்க்கப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. பாவம் கண்ணு தெரியாத மனுஷன் என்று வழிவிட்டார்கள். அட, இதற்கு இவ்வளவு சுலபமாக அனுமதி கிடைக்கும் என்று தெரிந்திருந்தால்! புரை விழுந்ததற்காக அன்றைக்கு அவள் ரகசியமாகச் சந்தோஷப்பட்டாள். அதற்கு இரண்டு நாள் கழித்து ஜெபத்தில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள், ஆனால் முழு மனசோடு கேட்கவில்லை.

“முன்னால பள்ளம் கிள்ளம் கெடக்கா குளோரி?” என்றார் ஞானதுரை.

“இல்ல, நடங்க.”

கேட்கிற கேள்வியைப் பார். இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆகி, தாராளமாகத் தனியாக நடக்கலாம் என்று கண் டாக்டர் சொல்லிக் கறுப்புக் கண்ணாடியைக்கூட எடுத்தாகிவிட்டது. ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் நாள் நடக்க வந்தபோது, இனிமேல் எதற்கு என்று நினைத்துக் குளோரி கையைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் கேட்டைத் தாண்டியதும் நின்று கையை நீட்டினார். இவளும் முந்தானையை விலக்கிக் கொடுத்தாள். அன்றையிலிருந்து தினமும் மைதானத்தில் இல்லாத பள்ளத்தை விசாரிக்கிறார். எல்லாம் தெரிகிறது அந்தக் கண்ணுக்கு. போன மாசம் அவளுடைய மாத்திரை அட்டையைக் கையில் வாங்கி, இது மார்ச் மாசத்தோட முடியுதுல்லா, மாத்திக் கேளு என்றார். அட்டையின் ஓரத்தில் எறும்பு மாதிரி அச்சடித்த எழுத்து, அவளுக்கே கண்ணாடி போட்டால்தான் தெரியும். சொன்ன பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அட்டையைத் தூரப்பிடித்து, கிட்டப்பிடித்து, என்னமோ எழுதியிருக்கு என்று முனகிக்கொண்டு வைத்துவிட்டார். இவள் உள்ளே போய் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. இந்த மனுஷர் இந்தக் கைக்காகப் பொய் சொல்கிறார் என்றால், அவள் அதைச் செத்தாலும் விடப்போவதில்லை.

ஆனால் எந்தக் கையை விடமாட்டாளாம்? கட்டைவிரல் இருந்தும் இல்லாத கையையா? அவர் பிடிப்பது உணர்ச்சி செத்த கையை. அவளுக்குத்தான் அது தெரியும், அவருக்குத் தெரியாது, வாடகை வீட்டைச் சொந்த வீடு என்று சொல்லிக் குடியிருப்பது மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரி லேபில் நர்சாக ஊருக்கே ஊசி குத்தி ரத்தம் எடுத்த கை இது. ஒரு ஊரே முழங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணுக்குத் தெரியாத ரத்தக்குழாயை ஆள்காட்டி விரல் நுனியால் தடவித் தடவிக் கண்டுபிடித்த கை. குண்டானவர்கள், பிறந்த குழந்தைகள், பயந்து கையை விறைத்துக்கொண்டவர்கள், எல்லாருடைய ரத்தக்குழாயும் அந்த விரலுக்குப் பிடிகொடுக்கும். மற்ற நர்சுகள் இரண்டு தடவை குத்தித் தோற்றால் குளோரி அக்காவைக் கூப்பிடு என்பார்கள். கல்யாணமான புதிதில் புருஷனுடைய முகத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டுக் கையைத்தான் பார்த்தாள், புறங்கையில் குழாய் புடைத்துக்கொண்டு நின்றது, ஆஹா, இவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடலாமே என்றுதான் முதன்முதலில் நினைத்தாள். அதைக் காதல் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. அந்த விரல்தான் இப்போது கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டாலும் சும்மா இருக்கிறது. முதலில் இடது கை மரத்தபோது நெஞ்சு நோவு என்று நினைத்து வீடே அலறியடித்துக்கொண்டு ஓடியது, நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மகள் பெங்களூரிலிருந்து ஒரு மஞ்சள் பந்து அனுப்பினாள், அமுக்கும்மா, விரலுக்கு எக்சர்சைஸ் என்றாள். பெற்ற பிள்ளை அனுப்பியதாயிற்றே என்று டிவி பார்க்கும்போதெல்லாம் அமுக்கோ அமுக்கென்று அமுக்கினாள். அதனால்தான் இவ்வளவு முற்றிப்போச்சு, முதல்ல அதைத் தூக்கிப் போடுங்க என்றாள் டாக்டர். தூக்கிப் போட மனசு வராமல் அலமாரியில் வைத்திருக்கிறாள். மகளிடம், அமுக்குதேன்ட்டி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எத்தனை பேரிடம்தான் பொய் சொல்வது இந்த ஒரு கைக்காக.

“குட்மார்னிங், குட்மார்னிங்” என்று பின்னாலிருந்து ரூபவதி டீச்சர் வேகமாக வந்து அவர்களைத் தாண்டினாள். ரிட்டயர் ஆனாலும் டீச்சர் டீச்சர்தான், மைதானத்தில் யார் எப்படி நடக்க வேண்டும் என்பது அவள் கவலை. “இப்படி அசைஞ்சு அசைஞ்சு நடந்தா எப்படிக் குறையும் குளோரி? கையை வீசு! கையை வீசு!” அவள் தன் இரண்டு கைகளையும் காற்றில் குத்திக்கொண்டே போனாள். போகிற போக்கில் கழுத்தைத் திருப்பி, “ஞானதுரை அண்ணன் இன்னும் புதுமாப்பிள்ளன்னு நெனப்பு” என்று சிரித்தாள்.

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுல்லா டீச்சர்” என்றார் ஞானதுரை, நாலு மரம் தள்ளிப் போய்விட்ட டீச்சரின் முதுகைப் பார்த்து.

கையை வீசு. இவளும் அதையேதான் சொல்கிறாள். வீட்டில் குளோரி வீசத்தான் செய்கிறாள். காலையில் எழுந்ததும் டிராபிக் போலீஸ் மாதிரி உள்ளங்கையை முன்னால் நீட்டி நிறுத்துகிறாள், விரலை ஒவ்வொன்றாக விரிக்கிறாள், மடக்குகிறாள், கட்டைவிரலை மெல்லப் பின்னால் இழுக்கிறாள். ஞானதுரை பக்கத்தில் நின்று அதையெல்லாம் தானும் செய்கிறார். எனக்கென்ன வலியா, உனக்குக் கூட்டுக்குத்தான் என்கிறார். தேங்காய் துருவுவது அவர்தான், பாட்டில் மூடி திறப்பது அவர்தான், ஜாக்கெட் கொக்கியைக்கூட அவர்தான் போட்டுவிடுகிறார். இவ்வளவும் செய்கிற மனுஷரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. ஓடுகிற காலில் முள் குத்தினால் நின்றுவிடுகிற மாதிரி, அவள் நினைப்பு எங்கே சுற்றினாலும் அந்தப் போன வாரத்து நாளில் வந்து நின்றுவிடுகிறது. வேண்டாம் என்றால் கேட்பதில்லை. அன்றைக்கு இந்த மைதானத்து வேப்பமரத்து வளைவில்தான். வழக்கம்போலக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேத்திக்குப் பல் முளைக்கிறது என்று பேசிக்கொண்டே போனாள், முன்பல்லா, கீழ்ப்பல்லா என்று மகள் சொன்னதை அவருக்குச் சொன்னாள். அவர் ம் கொட்டவில்லை. என்னங்க என்று திரும்பினாள். பக்கத்தில் ஆள் இல்லை. வெகு தூரத்தில், வளைவுக்கு அந்தப்பக்கம், குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய கை மட்டும் அவர் கையைப் பிடித்திருந்த மாதிரியே வளைந்து, அவர் பக்கமாகச் சாய்ந்து, காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியே நடந்து வந்திருக்கிறாள். எப்போது விட்டார், எவ்வளவு தூரம் வெறுங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள், எவ்வளவு நேரம் இல்லாத ஆளிடம் பேசினாள்? ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குச் சுண்டுவிரலும் சொல்லவில்லை, அல்லது பல் கதையில் அவள் அதைக் கேட்கவில்லை.

அவர் எழுந்து வந்து சேர்கிற வரைக்கும் அவள் நின்ற இடத்தில் நின்றாள். வந்தவர், என்னட்டி இப்படி வேர்த்திருக்கு என்றார். வெயில் என்றாள். வெயிலே வந்திருக்கவில்லை. இப்படித்தான் இருக்கும் போல என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. அவர் ஒருநாள் இல்லாமல் போய்விட்டால் இப்படித்தான் இருக்கும், கை வளைந்திருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், திரும்பிப் பார்க்கிற வரைக்கும் தெரியாது. ச்சீ, விடியற்காலையில் என்ன நினைப்பு. ஆனால் நினைப்பை வீசிவிட்டு நட என்று எந்த டாக்டர் சொல்லித் தருகிறாள்? அன்றையிலிருந்துதான் குனிந்து குனிந்து பார்க்கிற வழக்கம் வந்தது. பார்க்கிறாள், இருக்கிறது, நாலு எட்டு, மறுபடி பார்க்கிறாள். பயத்தில் இறுக்கிப் பிடிக்கிறாள், இறுக்க இறுக்க இன்னும் மரத்துப்போகிறது, மரத்துப்போக இன்னும் பயம். சுண்டுவிரலை மட்டும் நம்பி ஒரு குடித்தனமா? இத்தனை வருஷத்தில் அந்த விரலால் அவள் ஒரு உருப்படியான காரியமும் செய்ததில்லை. சின்ன வயதில் டூ விட்டதோடு சரி. அவளும் தங்கச்சியும் காலையில் சண்டை போட்டுச் சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்து டூ விடுவார்கள், சாயங்காலம் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துத் தொட்டுப் பழம் விட்டுச் சேர்ந்துகொள்வார்கள். பழத்துக்கு அந்த இரண்டு விரல்தான் வேண்டும். அந்த இரண்டும்தான் இப்போது செத்துக் கிடக்கின்றன. பார், சண்டை போடுகிற விரலை மட்டும் விட்டுவைத்திருக்கிறது இந்த நோய்.

வேப்பமரத்து வளைவு வந்தது. குளோரி குனிந்து பார்த்தாள். இருந்தது. நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள்.

“கீழ என்னத்தத் தேடுத?” என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாய் வேறு சொன்னது.

“டாக்டரம்மா கையை வீசி நடக்கச் சொல்லியிருக்காங்க. எதையும் பிடிச்சிட்டு நடக்கக்கூடாதாம்.”

அவர் நின்றார். கையை விட்டார். அதைச் சுண்டுவிரல்தான் சொன்னது, சூடு போன இடத்தில் காற்று பட்டது.

“எப்பச் சொன்னாங்க?”

“மொத நாளே.”

“மொத நாளேயா? நீ ஏன் இம்புட்டு நாளா சொல்லல?”

“சொன்னா விட்டுருவீங்கல்லா.” குரல் உடைந்துவிட்டது, மைதானம் என்றும் பார்க்காமல். “விரல்ல ஒண்ணுமே தெரியலைங்க. நீங்க பிடிச்சிருக்கீங்களா இல்லையான்னே தெரியல. அன்னைக்கி நீங்க லேஸ் கட்ட நின்னீங்கல்லா, நான் வெறுங்கையப் பிடிச்சிட்டு நடந்திருக்கேன். உங்ககிட்டன்னு நெனச்சுப் பேசிட்டே போயிருக்கேன். திரும்பிப் பாத்தா ஆள் இல்ல.”

அவர் அவளுடைய வலது கையை எடுத்து, புரட்டி, உள்ளங்கையைப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அதைத் தன் பெருவிரலால் மெல்லத் தடவினார். அவர் தடவுவதை அவள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

“எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது குளோரி” என்றார்.

“தெரியும்.”

“எப்ப இருந்து தெரியும்?”

“மாத்திரை அட்டையில தேதி படிச்சீங்கல்லா, அன்னைக்கே.”

“பொறவு ஏன் கையக் குடுத்த?”

“நீங்க ஏன் நீட்டினீங்க?”

பஸ் ஸ்டாண்டே நடுங்க விசில் ஊதிய மனுஷர் அவள் கையை மெல்லக் கீழே விட்டார். “சரி, வீசு” என்றார். தானும் இரண்டு கையையும் வீச ஆரம்பித்தார். இரண்டு பேரும் நடுவில் ஒரு சைக்கிள் போகிற இடம் விட்டுக் குடியரசு தினத்துப் பரேடு மாதிரி நடந்தார்கள். கை லேசாகத்தான் இருந்தது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சின்னக் குறுகுறுப்பு, அது நல்லது, ரத்தம் ஓடுகிறது, அப்படித்தான் ஆரம்பிக்கும் என்றாள் டாக்டர். எல்லாம் நல்லதற்குத்தான். குளோரிக்கு அழுகையாக வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கையை வீசுவதை நிறுத்தியபோது, இதற்குத்தான் முதல் நாளே சொல்லாமல் இருந்தேன், நான் செய்தது சரிதான் என்று நினைத்தாள்.

“ஒண்ணுமே தெரியலையா, எந்த விரல்லயும்?” என்று அந்தப்பக்கத்திலிருந்து கேட்டார்.

“சுண்டுவிரல்ல தெரியும்.”

நாலு எட்டு வீசி நடந்தார். அப்புறம் பக்கத்தில் வந்தார். கையைப் பிடிக்கவில்லை. தன் சுண்டுவிரலை மட்டும் நீட்டி அவளுடைய சுண்டுவிரலில் கொக்கி போல மாட்டினார். கையோடு கை சேர்ந்து ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் வீசிற்று. மணிக்கட்டு நேராக இருந்தது, மற்ற விரல்கள் தளர்ந்து தொங்கின.

“இது பிடிக்கிறதுல சேராதுல்லா?”

“சேராது” என்றாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. “ஆனா இதுக்கு டூன்னு அர்த்தம்.”

“எங்க தெருவுலயும் அப்படித்தான்.” அவர் யோசித்துவிட்டு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து அவள் முன்னால் நீட்டினார். “அப்பப் பழம் விட்டுருவோம்.”

குளோரி தன்னுடைய அந்த இரண்டு விரலையும் பார்த்தாள்.

“இதுக ரெண்டுக்கும் உசிரு வரட்டும்” என்றாள். “வந்த பெறவு பழம். அது வரைக்கும் டூதான்.”

“எம்புட்டு நாளாவும்?”

“ஆவும்.”

ரூபவதி டீச்சர் இன்னொரு சுற்று முடித்து மூச்சிரைக்க வந்தாள். கோத்திருந்த சுண்டுவிரல்களைப் பார்த்தவள் கையைக் குத்துவதைக்கூட மறந்துவிட்டாள். “என்னது, சின்னப்பிள்ளைக மாதிரி? சண்டையா?”

“ஆமா டீச்சர்” என்றார் ஞானதுரை. “டூ விட்டிருக்கோம். பேச்சுவார்த்தை கெடையாது.”

வெயில் வேப்பமரத்து உச்சியில் ஏறிவிட்டது. வீட்டுக்குத் திரும்புகிற கேட் வந்தது, அதைத் தாண்டி அடுத்த சுற்றுக்கு நடந்தார்கள். பேத்திக்கு இரண்டாவது பல்லும் வந்துவிட்டது என்று குளோரி சொல்ல ஆரம்பித்தாள். அவர் ம் கொட்டினார். அவள் குனிந்து பார்க்கவில்லை.